கம்பெனி சீல்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசை வீடுகளுக்கு முதல் மோட்டார் வண்டி வந்தது அறுபத்துமூன்றாம் வருஷம் சித்திரை மாதம். அது வந்து நின்ற இடம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. எனக்குக் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் ராத்திரி ட்யூட்டி. பகலில் தூங்க வேண்டியவன். வண்டி வந்த நாளிலிருந்து அந்தத் தூக்கம் போயிற்று. அடுத்த வீட்டு விஷயம் என்றால் எனக்குக் காது தானாக நீளும். என் மனைவி பியாட்ரிஸ் எத்தனையோ தடவை இதற்காகத் திட்டியிருக்கிறாள். திருந்துகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

வண்டிக்காரன் பெருமாள்சாமி. பன்னிரண்டு வருஷம் பிறத்தியார் டாக்சியை ஓட்டியவன். புது வண்டிக்குப் பெயர் எழுதிவைத்துவிட்டு நாலு வருஷம் காத்திருந்து வாங்கினான். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. ஆஸ்டின் டவுன் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. சிலர் முகத்தை நீட்டிப் பானெட்டில் கண்ணாடி பார்த்துக்கொண்டார்கள்.

வண்டியோடு கம்பெனி ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்திருந்தது. பெருமாள்சாமிக்கு இங்கிலீஷ் வராது. "சார், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று எடுத்து வந்தான். ஒரு வருஷம் கியாரண்டி. எந்தச் சாமான் கெட்டாலும் கம்பெனியே மாற்றிக் கொடுக்கும். நாலு கூப்பன், நாலு இலவச சர்வீஸ். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த ஒரு வருஷமும் இஞ்சினைக் கம்பெனி ஆட்கள்தான் திறக்கலாம். பெட்ரோல் பம்பிலும் கார்புரேட்டரிலும் மெல்லிய கம்பியைச் சுற்றி ஈயத்தில் சீல் வைத்திருந்தார்கள். அது உடைந்தால் கியாரண்டி ரத்து. மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு புத்தகத்தைக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டான்.

இதில் சங்கடம் என்னவென்றால், அவன் மச்சான் ஜெயராமனே ஒரு மெக்கானிக். ஜோகுபாளையத்தில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்தான். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கார்கள் எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். சாமான் கிடைக்காத வண்டிக்குச் சாமானைத் தானே கடைந்து போடுவான். பெருமாள்சாமியின் மனைவி காந்தாவுக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன். அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவள் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரே அண்ணன்தான்.

வண்டி வந்த அன்று ஜெயராமன் ஆசையோடு பானெட்டைத் தூக்கினான். பெருமாள்சாமி ஓடிவந்தான்.

"மச்சான், சீல் இருக்குது. பாத்துக்கோ."

"பாக்கறதுக்குமா சீல் வெச்சிருக்கான் கம்பெனிக்காரன்?" என்று சிரித்துக்கொண்டே ஜெயராமன் மூடிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் வேடிக்கைதான்.

முதல் கூப்பனுக்கு வண்டியைக் கம்பெனிக்கு ஓட்டிப்போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். தரை நம் வீட்டுச் சமையலறையைவிடச் சுத்தம். வண்டியை மேடையில் ஏற்றி, அடியிலும் மேலும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, கிரீஸ் அடித்து, துடைத்துக் கொடுத்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் ஹெர்பர்ட் ஒரு பலகையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போக அனுமதி இல்லை. ஜெயராமன் கொட்டகையில் அப்படியில்லை. வண்டிக்காரனும் கூடக் குனிந்து பார்ப்பான், யோசனை சொல்வான், ஏச்சும் வாங்குவான். ரெண்டில் எது நல்லது என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் கண்ணாடியைத்தான் சொல்லியிருப்பேன். கண்ணாடி போட்ட இடத்தில் எனக்குப் பயமும் மரியாதையும் ஒன்றாக வரும்.

வைகாசியில் ஆரம்பித்தது வியாதி. ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் இல்லை. நீண்ட சவாரி போனால் பத்துப் பன்னிரண்டு மைலில் இருமி, இழுத்து, நின்றுவிடும். அரை மணி சும்மா விட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஓடும். முதல் தடவை தேவனஹள்ளி ரோட்டில் நின்றது.

"ஏர் லாக் ஆவுது மாப்ளே" என்றான் ஜெயராமன். "வெயிலு. சூட்டுல பெட்ரோல் பைப்புலயே ஆவியாப் பூடுது. பம்பு மேல ஈரத்துணி போடுங்க, சரியாப் பூடும்."

ஈரத்துணி போட்டார்கள், அப்படியும் வண்டி நின்றது. கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கழுவி, பார்த்து அனுப்பினார்கள். நாலைந்து நாள் குதிரை மாதிரி ஓடியது. அப்புறம் பழையபடி. ஆனியில் மழை பிடித்துக்கொண்டது, பெங்களூர்த் தூறல், நாள் பூராவும் ஊரை நனைத்து வைத்திருக்கிற தூறல். அந்தக் குளிரிலும் வண்டி நின்றது. ஆக, வெயில் காரணம் இல்லை. எனக்கு இது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. பார்சலுக்கு லேபிள் ஒட்டும்போதுகூட, ஏன் நிற்கிறது, ஏன் நின்று ஓடுகிறது என்றே யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஆனிக் கடைசியில் ஹொஸ்கோட்டை ரோட்டில், ஒரு கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போகும்போது, வண்டி படுத்துவிட்டது. இந்தத் தடவை அரை மணி விட்டும் கிளம்பவில்லை. மாப்பிள்ளையே உள்ளே இருந்தானாம். முகூர்த்தம் நெருங்குகிறது, பெண் வீட்டார் பதறுகிறார்கள். பெருமாள்சாமி ஒரு லாரிக்காரனிடம் ஜோகுபாளையத்துக்குச் சொல்லியனுப்ப, ஜெயராமன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தான். சேர்ந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. சீலை உடைத்தான், பம்பிலிருந்து பைப்பைக் கழற்றினான், ஊதினான், மாட்டினான். வண்டி கிளம்பிவிட்டது. முகூர்த்தமும் தப்பவில்லை. "கம்பெனி பம்பு தண்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அடுத்த சர்வீசில் ஹெர்பர்ட் உடைந்த சீலைப் பார்த்துவிட்டார். பெருமாள்சாமி ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறான். என்ன சொன்னான் என்று எனக்கு அப்போது தெரியாது. ஹெர்பர்ட் எச்சரிக்கையோடு விட்டு, புதுப் பம்பும் போட்டு, புது சீலும் வைத்தார். இன்னொரு தடவை உடைந்தால் கியாரண்டி கிடையாது என்று சொல்லியனுப்பினார். அந்தப் புதுப் பம்போடும் எண்ணி ஆறாம் நாள் வண்டி நின்றது.

அன்று மத்தியானம் ஜெயராமன் தங்கைக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டு வந்திருந்தான். காந்தாவுக்கு அப்போது ஐந்து மாதம். களி கிண்டி, கீரைச்சாறு ஊற்றி, அண்ணனுக்குத் தட்டு வைத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன். தூங்கவில்லை.

"ரெண்டு பம்பும் தண்டமா இருக்குமா மச்சான்? நீ கழட்டினதுல எதையோ கோளாறு பண்ணிட்டே. அதான் புதுப் பம்பு போட்டும் வண்டி நிக்குது" என்றது பெருமாள்சாமியின் குரல்.

"நான் கோளாறு பண்ணேனா? பதினெட்டு வருசமா இந்தக் கையால..."

"பழைய வண்டிக்கெல்லாம் சரி. இது புது வண்டி. உனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி? இனிமே என் வண்டி மேல கை வெக்காதே."

தட்டு நகரும் ஓசை. ஜெயராமன் கை கழுவுகிற தண்ணீர் ஓசை. "அண்ணா, பாதியில எழுந்திரிக்கிறியே" என்று காந்தா அழுதாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பெருமாள்சாமி மேல் அசாத்தியக் கோபம் வந்தது. களித் தட்டின் முன்னால் வைத்தா ஒரு மனிதனைப் பேசுவது?

ஆடி முழுக்க அவன் வரவில்லை. காந்தா இளைத்தாள். ஆவணியில் ஏழாம் மாதம், வளைகாப்பு வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அவர்கள் வழக்கத்தில் முதல் வளையல் பிறந்த வீட்டிலிருந்து வந்த கைதான் போட வேண்டும்.

"எங்கண்ணன் வராம எனக்கு வளையலே வேணாம் சார்" என்று என்னிடமே சொன்னாள், குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு. "யாரோ போட்டு உட்டா, நான் யாருமில்லாதவள்னு ஊருக்கே தெரியட்டும்னு போட்டுக்கற மாதிரி ஆவும்." பியாட்ரிஸ் அவள் குடத்தை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இதற்கு நடுவே ஹெர்பர்ட்டுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஆடிக் கடைசியில் ஒரு புதன்கிழமை வண்டியைக் கழுவி, துடைத்து, தானே ஏறி உட்கார்ந்து வொயிட்ஃபீல்டு வரை போய்த் திரும்பினார். முப்பது மைல். ஒரு இருமல் இல்லை. "வண்டி ஃபைன் மேன். உன் டிரைவிங் பாத்துக்கோ" என்று காகிதத்தில் 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வளைகாப்புக்கு ரெண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் காந்தா புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க?" என்றான் பெருமாள்சாமி.

"ஜோகுபாளையம். அண்ணனை நானே அழைச்சுட்டு வரேன். நீ வர வேணாம். தெருமுனையில எறக்கி உட்டாப் போதும்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராகத்தான் இருந்தேன்.

அல்சூர் தாண்டி, ஜோகுபாளையம் திரும்ப இருநூறு கஜம் இருக்கும்போது வண்டி இருமியது. இழுத்தது. நின்றது. எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். பெருமாள்சாமி ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அரை அவர் இருந்தா ஓடும்" என்றான்.

"ஓடும், மறுபடி நிக்கும். அண்ணனைக் கூப்புடு."

"மாட்டேன்."

காந்தா கதவைத் திறந்து இறங்கினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சேற்றில் பார்த்துப் பார்த்து அடி வைத்து நடந்தாள். பெருமாள்சாமி ரெண்டடி பின்னால் போனான், நின்றான், திரும்பி வந்தான். அவள் கொட்டகைப் பக்கம் திரும்பி மறைந்தாள்.

கால் மணியில் அண்ணனோடு வந்தாள். ஜெயராமன் ஒரு ஸ்பானர்கூட எடுத்து வரவில்லை. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்றான்.

"நமஸ்காரம் சார்" என்றான் என்னைப் பார்த்து. பெருமாள்சாமி பக்கம் பார்க்கவில்லை. "தங்கச்சி வந்து கூப்ட்டுச்சு, அதான் வந்தேன். வண்டி மேல கை வெக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் தொட மாட்டேன். காலையிலேருந்து எத்தினி மைலு ஓடியிருக்குன்னு கேளுங்க சார்."

பெருமாள்சாமி எதிரிலேயே நிற்கிறான். நான் நடுவே தபால்காரன்.

"யெலஹங்கா போயி, ஒரு அவர் வெயிட்டிங் போட்டு வந்தேன். அப்பால டவுன்ல நாலு சவாரி" என்றான் பெருமாள்சாமி, தரையைப் பார்த்து.

"நடுவுல பெட்ரோல் போட்டாங்களான்னு கேளுங்க."

"இல்ல. டேங்குல பாதிக்கு மேல இருக்குது."

"பெட்ரோல் போட்டா என்னா ஆவும்?"

"போட்டா கொஞ்ச தூரம் நல்லா ஓடும்."

"டேங்குல நெறைய இருக்கறப்பவே, இன்னும் ரெண்டு காலன் போட்டாலும் ஓடுதா?"

"ஆமா."

"கம்பெனியிலேருந்து வந்தா?"

"அஞ்சாறு நாளு ஒண்ணும் பண்ணாது."

ஜெயராமன் கண்ணை மூடிக்கொண்டான். கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. விரல்கள் மட்டும் எதையோ திருகுவதும் விடுவதுமாக இருந்தன. நான் அவன் பின்னால் நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்ரோலு போடறதுக்கு மொதல்ல என்னா செய்வாங்க சார்?" என்றான் திடீரென்று.

"மூடியைத் திறப்பாங்க" என்றேன்.

"தெறக்கச் சொல்லுங்க."

பெருமாள்சாமி பின்பக்கம் போய் டேங்கு மூடியைத் திருகினான். வழக்கம்போலத் திரும்பவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துத் திருகினான். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. நான் ஒரு அடி பின்வாங்கிவிட்டேன்.

"இப்போ ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

பட்டென்று பிடித்துக்கொண்டது இஞ்சின்.

"மண்ணெண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெ வருமா சார்? காத்துப் போறதுக்கு இன்னொரு ஓட்டை வேணும். இந்த மூடி நடுவுல ஊசி மொனை அளவு ஒரு ஓட்டை இருக்கும். அது அடைச்சிருக்குது. பெட்ரோல் போகப் போக உள்ள காத்து இல்லாம டேங்கு புடிச்சு இழுக்குது, பம்பு தோத்துப் பூடுது. அன்னிக்கு நான் பைப்பைக் கழட்டுனதும் அந்த வழியா காத்துப் போச்சு, ஓடிச்சு. நான் பம்பைப் பழிச்சேன். பம்பு மேல ஒரு தப்பும் இல்ல. கம்பெனிக்காரன் மேலயும் இல்ல."

பெருமாள்சாமி மூடியை நீட்டினான். ஜெயராமன் அதை வாங்கவில்லை, குனிந்து பார்த்தான். பார்த்தவன் சட்டென்று நிமிர்ந்தான். ஒரு கணம் தங்கையைப் பார்த்தான்.

"மண்ணு" என்றான். "ரோட்டு மண்ணு அடைச்சிருக்குது. ஒரு ஊசியால குத்தி எடுத்தாப் போதும்."

நான் மூடியை வாங்கிப் பார்த்தேன். மேலே குங்குமம், அதன் அடியில் கெட்டியாகக் காய்ந்த சந்தனம், வாரத்துக்கு ஒரு அடுக்காக. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காந்தா வண்டிக்குப் பொட்டு வைப்பதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். பானெட்டுக்கு, நாலு சக்கரத்துக்கு, ஸ்டீயரிங்குக்கு, கடைசியில் இந்த மூடிக்கு. நெற்றியில் வைப்பதுபோல் சரியாக நடு மையத்தில் வைப்பாள். தினம் வண்டி துடைக்கும் பெருமாள்சாமியும் பொட்டை மட்டும் விட்டுவிட்டுத் துடைப்பான். கம்பெனியில் தண்ணீர் பீய்ச்சும்போதுதான் அது கரையும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி. பொட்டே வைக்காத வீட்டில் பிறந்த எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றாதது ஆச்சரியமில்லை.

காந்தாவும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"மண்ணு இல்லண்ணா. நான் வெச்ச சந்தனம்" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. புருஷன் பக்கம் திரும்பினாள். "வண்டிக்கு அதுதானே வாயி, அதான் வெச்சேன். நாலு மாசமா வண்டியை நிறுத்தினது நான்தான். எங்கண்ணனை நீ வெரட்டினதும் என்னாலதான்."

பெருமாள்சாமி என் கையிலிருந்து மூடியை வாங்கி நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினான். அந்த ஆளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் கிடையாது.

"பொட்டை மூடிக்குப் பக்கத்துல வெய்ம்மா" என்றான் ஜெயராமன் மெதுவாக. கிளம்பத் திரும்பினான்.

"அண்ணா, நாளன்னிக்கு ஞாயித்துக்கெழமை..."

"பாக்கறேன்" என்றான். கைகளை முன்னால் எடுக்காமலே நடந்து போனான். எங்கள் ஊர்ப் பக்கம் 'பாக்கறேன்' என்றால் வரமாட்டேன் என்றுதான் முக்கால்வாசி அர்த்தம். காந்தாவுக்கும் அது தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் நான் ட்யூட்டி முடிந்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பெருமாள்சாமி டிரங்குப் பெட்டியிலிருந்து கம்பெனிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

"சார், கம்பெனி வரைக்கும் வர்றீங்களா?"

"வண்டிதான் சரியாயிடுச்சே."

"வாங்க சார்."

ஹெர்பர்ட் கண்ணாடிக்கு வெளியே வந்தார். "என்ன மேன், திரும்பவும் நின்னுடுச்சா?"

பெருமாள்சாமி புத்தகத்தை ரெண்டு கையாலும் நீட்டினான். "வண்டியில கோளாறு இல்ல சார். மூடியில சந்தனம் அடைச்சிருந்திச்சு. எங்க வீட்டுத் தப்பு. இன்னொண்ணு சொல்லணும். ஆனி மாசம் சீலை ஒடைச்சது யாருன்னு கேட்டீங்க இல்ல, அப்போ நான் சொன்னது பொய்யி. ஒடைச்சது என் மச்சான். ஜெயராமன்னு பேரு. ஜோகுபாளையத்துல மெக்கானிக்கு. நான்தான் வரச் சொன்னேன்."

ஹெர்பர்ட் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மேன் இதை வந்து சொல்றே? நான் எழுதிட்டா கேன்சல் பண்ணணும். இன்னும் ஏழு மாசம் இருக்கு உனக்கு. ரெண்டு கூப்பன் இருக்கு."

"எழுதிக்குங்க சார். பேரையும் எழுதிக்குங்க."

அவர் நல்ல மனுஷன்தான். சிவப்பு மைப் பேனாவை எடுத்து, கூப்பன்களை ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு மீதியிருந்த ரெண்டு கூப்பனிலும் குறுக்கே கோடு போட்டு, கீழே ஜெயராமன் பெயரை எழுதி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். நாலு வருஷம் காத்திருந்து வாங்கின வண்டி. பெருமாள்சாமி மட்டும் சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்டின் டவுனுக்குத் திரும்பவில்லை. நேரே ஜோகுபாளையம்.

ஜெயராமன் ஒரு பழைய காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். பெருமாள்சாமி, அன்றைக்குச் சொன்ன பொய்யைக் கம்பெனியில் ஒப்புக்கொண்டு வந்ததாகச் சொல்லி, புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். ஜெயராமனுக்கு இங்கிலீஷ் தெரியும், சாமான் பெயர் படிக்கிற அளவுக்கு. தன் பெயரைப் படித்தான். கூப்பனில் போட்ட சிவப்புக் கோடுகளைப் பார்த்தான். அவ்வளவுதான், கொதித்துவிட்டான்.

"அறிவு இருக்காய்யா உனக்கு? ஏழு மாசம்! சும்மா ஆயில் மாத்துவான், சும்மா கிரீஸ் அடிப்பான், கியர்பாக்ஸே போனாலும் மாத்திக் குடுப்பான். அந்த மாதிரி சாமான் எனக்கு எங்க கெடைக்கும்? நீ கம்பெனிக்குத்தான் போவணும், நானே சொல்லியிருப்பேன். இத்தப் போயி யாராவது தூக்கிக் குடுப்பானா? நீங்க கூட இருந்தீங்களே சார், வாயை மூடிட்டா இருந்தீங்க?"

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பெருமாள்சாமி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

"அப்போ நீ ஒரு பொய்யி சொல்லியிருந்தா, அதோட உட்டுட்டு வர வேண்டியதுதானே! யாருக்குத் தெரியப் போவுது? அப்பிடி என்னா சொன்னே அவன் கிட்ட?"

பெருமாள்சாமி புத்தகத்தை மூடினான்.

"சீலை யார் ஒடைச்சான்னு கேட்டாரு. யாரோ ரோட்டுல போறவன் சார், எனக்குத் தெரியாத ஆளுன்னு சொன்னேன் மச்சான்."

வெளியே மறுபடி தூற ஆரம்பித்து, தகரத்தின் மேல் சத்தம் கேட்டது. ஜெயராமன் இடுப்பிலிருந்த துணியை உருவிக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாக, நகக்கண்ணில் இருந்த கறுப்புப் போகும்வரை, ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாளைக்கு வளையல் எத்தினி மணிக்கு மாப்ளே?" என்றான்.